புகைக்கு விலை சொன்ன பிகூ

இயற்பியல் மாணவனுக்குப் பொருளாதார அறிஞரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். புகையை அளக்க அறிவியல் கற்றுத் தருகிறது. அதற்கு விலை கொடுக்க வேண்டியவர் யார் என்று கேட்டவர் ஆர்தர் செசில் பிகூ. ஆகவே எழுதுகிறேன்.

1877-இல் இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்தார். 1908-இல், முப்பது வயதிலேயே, ஆல்ஃபிரட் மார்ஷலின் இடத்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த அவர், விடுமுறைகளில் போர்முனை சென்று ஆம்புலன்ஸ் பணி புரிந்தார்.

நலப் பொருளியல் பற்றிய அவரது பெருநூல் 1920-இல் வெளிவந்தது. ரயில் எஞ்சினின் தீப்பொறி பக்கத்துக் காட்டை எரிக்கிறது; ஆலைப் புகை அடுத்தவர் துணியையும் சுவரையும் கரியாக்குகிறது. இலாபம் ஆலைக்கு, இழப்போ ஊருக்கு! அந்த இழப்பின் அளவுக்கு வரி விதித்தால், புகையைக் குறைக்க ஆலையே வழி தேடும் என்பது அவர் கண்ட முடிவு.

1959-இல் பிகூ மறைந்தார். 1990-இல் பின்லாந்தும், 1991-இல் ஸ்வீடனும் கார்பன் வரி விதித்தன. 2010-இல் இந்தியா நிலக்கரிக்கு டன்னுக்கு ரூ. 50 வரி விதித்து, தூய எரிசக்திக்கென நிதி திரட்டியது. 2017-இலோ அவ்வரி மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யத் திருப்பப்பட்டது. மாநிலங்களுக்கு ஈடு கிடைத்தது, புகையில் இருமியவருக்கு?

வரி விதிக்கும் வழியைப் பிகூ காட்டிச் சென்றார். அப்பணம் இழந்தவரைச் சேர வழி காண்பது நம் தலைமுறையின் கடமை என்பேன்.