சாலிம் அலியும் வாவிக் கரை கெமராக்களும்

விடுமுறை நாட்களில் மட்டக்களப்பு வாவிக் கரையோரம் எமது இளைஞர்கள் சிலர் கெமராவுடன் பறவைகளைத் தேடித் திரிகிறார்கள். வேலையில்லாதவர்களின் வேலை என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். இரு சாராருக்கும் சாலிம் அலியின் வாழ்க்கையை நினைவூட்ட விரும்புகிறேன்.

1896 நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து, மாமா அமீருத்தீன் தையிப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இதை உண்பது ஆகுமா என்ற சந்தேகம் சிறுவனுக்கு எழுந்தது. மாமாவுக்கும் அக்குருவி எதுவென்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லர்டிடம் அனுப்பி வைத்தார். ஹலாலா ஹராமா என்று அறியப் புறப்பட்ட சிறுவனுக்கு அங்கே ஓர் அறிவுத் துறையே திறந்தது.

ஆனால் பாதை இலகுவாக இருக்கவில்லை. பர்மாவில் செய்த வியாபாரம் கைகொடுக்கவில்லை. ஜேர்மனி சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்று 1930இல் திரும்பியபோது தொழில் இல்லை. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கினார். அங்கே மாதக்கணக்கில் தூக்கணாங்குருவிகளைக் கவனித்து, ஆண் பறவை ஒன்றன்பின் ஒன்றாகக் கூடுகளைப் பின்னிப் பல துணைகளைச் சேர்ப்பதை விளக்கி எழுதினார். வேலையில்லாக் காலத்தில் செய்த அந்த ஆய்வே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. பின்னர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து 10 தொகுதிகளில் எழுதிய பெருநூலில் இலங்கைப் பறவைகளும் அடங்கும். 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். தமக்குக் கிடைத்த கெட்டி பரிசுப் பணத்தை இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்தார். 1987இல் தமது 90ஆவது வயதில் காலமானார்.

ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்த காலத்தவர் அவர். அவரது பயணங்களில் உடன் சென்ற சிங்கப்பூர் வர்த்தகர் லோக் வான் தோ துப்பாக்கிக்குப் பதிலாகக் கெமராவை ஏந்தினார். மறைவிடத்தில் பொறுமையாகக் காத்திருந்து எடுத்த படங்களால் உலகப் புகழ் பெற்றார். பறவையைக் கொல்லாமலே அதனை அறிய அக்கருவி உதவியது.

ஆனால் கெமராவும் கொல்லும். கூடு தெளிவாகத் தெரிய வேண்டுமென்று கிளையை ஒடித்தால் குஞ்சு வெயிலில் வாடும். முட்டையைக் காகம் கண்டுவிடும். நீர்ப்பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுத்தால் அது இரை தேடும் நேரம் வீணாகும். முகநூலில் கிடைக்கும் சில விருப்பக் குறிகளுக்காக இதைச் செய்யலாமா? பறவைகளும் எம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரா அல்அன்ஆமில் படிக்கும் நாம் சிந்திக்க வேண்டும்.

தம்பிமார் படம் எடுப்பதோடு நிற்காமல் பறவையின் பெயர், இடம், திகதி, எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறிக்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள். சாலிம் அலியை உயர்த்தியது அப்பழக்கமே. கண்டல் காடு அழிந்து வாவி குறுகும்போது, எதை இழந்தோம் என்று சொல்ல அக்குறிப்புகளே சாட்சியாக இருக்கும். பெரியவர்களோ, பிள்ளை ஒரு குருவியைக் காட்டிக் கேள்வி கேட்டால் அந்த மாமாவைப் போல் தெரிந்தவரிடம் அனுப்பி வைத்தால் போதும்.