கோட்டையில் கேட்ட நாதம்
பிடிலை நமது வாத்தியமாக்கிய பாலுசாமி தீட்சிதர்

சென்னை மந்தைவெளியில் மாலை நேரத்தில் தெருவோடு நடந்து போனால், ஏதாவது ஒரு வீட்டில் இருந்து பிடில் சத்தம் கேட்கும். சிறுவர், சிறுமியர் பிடில் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாட்டு வாத்தியார் வீட்டுக்குப் போவார்கள். மார்கழி மாதம் வந்துவிட்டால் பக்கத்தில் உள்ள மயிலாப்பூர் சபாக்களில் தினமும் கச்சேரி. பாடகருக்குப் பக்கத்தில் பிடில் வித்துவான் உட்கார்ந்து இருப்பார். பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரியைப் பார்ப்பது அபூர்வம்.

ஆனால் பிடில் நமது நாட்டு வாத்தியம் அல்ல! 16-ம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் உருவானது. கப்பல் ஏறி வெள்ளைக்காரர்களுடன் வந்தது.

அந்த வாத்தியத்தை நமது சங்கீதத்துக்கு ஏற்றது என்று தேர்ந்தெடுத்து, முறையாகக் கற்று, அதில் கர்நாடக ராகங்களை வாசித்த முன்னோடி ஒருவர் இருந்தார். அவர்தான் பாலுசாமி தீட்சிதர்.

திருவாரூர்

பாலுசாமி தீட்சிதர் 1786-ம் ஆண்டு பிறந்தார். அவருடைய குடும்பம் திருவாரூரில் வாழ்ந்த குடும்பம். தகப்பனார் ராமசாமி தீட்சிதர் பெரிய சங்கீத மேதை. கச்சேரிகளின் தொடக்கத்தில் பலரும் பாடும் அம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அவரே.

ராமசாமி தீட்சிதருக்கு மூன்று புதல்வர்கள். மூத்தவர், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். அடுத்தவர் சின்னசாமி. கடைசிப் பிள்ளை பாலுசாமி. மூத்தவருக்கும் இளையவருக்கும் ஏறக்குறைய பத்து வயது வித்தியாசம்.

மணலி

சென்னைக்கு வடக்கே உள்ள ஊர் மணலி. இன்று அங்கே பெரிய எண்ணெய் ஆலை இருக்கிறது. அன்று அது ஒரு சிற்றூர். அங்கே முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷியாக இருந்தவர். கம்பெனியாருக்கும் நமது மக்களுக்கும் இடையே பேச்சையும் வியாபாரத்தையும் நடத்தி வைப்பவரையே துபாஷி என்பார்கள்.

முதலியார் சங்கீதப் பிரியர். ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு வரவழைத்து, மணலியிலேயே தங்க வைத்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவருடைய மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார்.

அந்தக் காலத்துச் சென்னை இன்றைய சென்னை அல்ல. கடற்கரையில் செயிண்ட் ஜார்ஜ் கோட்டை; அதை ஒட்டிக் கறுப்பர் பட்டணம். மயிலாப்பூர் தனி ஊர்போல் விலகி இருந்தது. மந்தைவெளி என்ற பெயரே, அது மாடுகள் மேய்ந்த வெளி என்பதைச் சொல்லும்.

கோட்டைக்குள் கம்பெனிப் பட்டாளத்தின் பாண்டு வாசிப்பது வழக்கம். முதலியாருக்குக் கோட்டையில் செல்வாக்கு உண்டு. ஆகவே தீட்சிதர் குடும்பத்தினரும் அங்கே சென்று மேல்நாட்டுச் சங்கீதத்தைக் கேட்டார்கள்.

ஒரே இசை. கேட்டவர்கள் சகோதரர்கள். ஆனால் பலன் இரண்டு!

அண்ணன் முத்துசாமி மெட்டுகளை எடுத்துக்கொண்டார். அவற்றுக்கு வடமொழியில் பக்திப் பாடல்கள் எழுதினார். நோட்டுசுர சாகித்தியம் எனப்படும் அவை சுமார் 40. இன்றும் குழந்தைகள் பாடுகிறார்கள்.

தம்பி பாலுசாமி வாத்தியத்தை எடுத்துக்கொண்டார்.

ஏன் பிடில்?

அந்நாளில் பாட்டுக்குத் துணை என்றால் பெரும்பாலும் வீணைதான். வீணை உயர்ந்த வாத்தியம். ஆனால் தந்தியை மீட்டியதும் எழும் நாதம் சிறிது சிறிதாகத் தேய்ந்துவிடும். மனிதக் குரலோ மூச்சு உள்ளவரை நீளும்.

பிடிலில் வில்லை இழுத்துக்கொண்டே இருந்தால் நாதமும் நீண்டுகொண்டே இருக்கும். வேண்டும்போது பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம்.

இன்னொரு விஷயம், மெட்டு. வீணையில் சுரத்துக்குச் சுரம் பித்தளை மெட்டு உண்டு. கித்தாரிலும் அப்படியே. பிடிலில் மெட்டே கிடையாது. விரல் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். நமது சங்கீதத்துக்கு உயிர் கமகம். ஒரு சுரத்தில் இருந்து இன்னொரு சுரத்துக்கு அசைந்தும் குழைந்தும் செல்வதே கமகம். அதற்கு இப்படி ஒரு வழுவழுப்பான பாதை வேண்டும்.

மேலும் பிடில் சிறியது. கையோடு எடுத்துச் செல்லலாம்.

வில் போட்டு வாசிப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. வடக்கே சாரங்கி உண்டு. ஆகவே வாத்தியம் அந்நியமானாலும், அது செய்யக்கூடிய வேலை நமக்கு அந்நியம் அல்ல.

மூன்று வருடம்

முதலியார் ஓர் ஐரோப்பிய வித்துவானை ஏற்பாடு செய்தார். அவரிடம் பாலுசாமி மூன்று வருடம் பிடில் கற்றார்.

இது சாதாரண விஷயம் அல்ல. வேதத்துக்கும் வீணைக்கும் பேர்போன வைதிகக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை வெள்ளைக்காரரிடம் மாணவனாக இருந்து, வில் பிடிக்கும் முறையில் இருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்துப் பிடில் தந்திகள் கம்பி அல்ல. மிருகக் குடலில் இருந்து திரித்தவை.

பாண்டு வாசிப்பதோடு பாலுசாமி நின்றிருந்தால் அவருடைய பெயர் இன்று நமக்குத் தெரிந்திராது. அவர் கற்ற வித்தையைத் திருப்பி, நமது ராகங்களை அதில் வாசித்தார். அதுதான் அவருடைய பெருமை.

நாளடைவில் பிடிலும் நமது வழிக்கு வந்தது. மேல்நாட்டார் அதை மோவாய்க்கு அடியில் வைத்து வாசிப்பார்கள். நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, அதன் தலைப்பக்கத்தை வலது பாதத்தின் மேல் சாய்த்து வாசிக்கிறார்கள். இப்படி வைத்தால் பிடில் அசையாது. இடது கை தாராளமாக ஏறி இறங்கும். நான்கு தந்திகளையும் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் என்று பாடகரின் சுருதிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். பெட்டி அதே பெட்டிதான். பேச்சு மட்டும் நம் பேச்சு!

பிரிவு

1817-ல் தகப்பனார் காலமானார். சின்னசாமியும் பாலுசாமியும் ஊர் ஊராகச் சென்று பாடியும் வாசித்தும் வந்தார்கள். மதுரையில் ஒரு பெரிய துயரம் காத்திருந்தது. 1823-ல் சின்னசாமி இறந்துபோனார்.

கூடப் பாடிய அண்ணன் போய்விட்டார். பாலுசாமி தனியாக ராமேசுவரம் யாத்திரை போனார். பிறகு எட்டயபுரம் அரசர் அவரை அழைத்து ஆதரித்தார். 1824-ல் அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். பின்னாளில் பாரதியார் பிறந்த அதே எட்டயபுரம்தான்.

ஒரு தம்பி இறந்தான். மற்றொரு தம்பி எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. முத்துசாமி தீட்சிதர் தேடிப் புறப்பட்டார். பாலுசாமி எட்டயபுரத்தில் இருப்பதை அறிந்து அங்கே நடந்தார். வழியெல்லாம் வெயில், காய்ந்த நிலம். அவர் மனம் உருகி அமிர்தவர்ஷினி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்பது வழிவழியாக வழங்கும் கதை.

சகோதரர்கள் சேர்ந்தார்கள். முத்துசாமி தீட்சிதர் 1835-ம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவருடைய சமாதி அங்கே இருக்கிறது.

பேரன் செய்த பணி

அண்ணன் மறைந்த பிறகு பாலுசாமி 24 ஆண்டுகள் வாழ்ந்தார். தம் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனைத் தத்து எடுத்துக்கொண்டார். குடும்பத்துச் சங்கீதச் செல்வத்தை அந்தப் பையனுக்குக் கற்பித்தார். 1859-ல் தமது 73-வது வயதில் காலமானார்.

அந்தப் பேரனே சுப்பராம தீட்சிதர். 1904-ம் ஆண்டு அவர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெரிய நூலைச் சுரக்குறிப்போடு வெளியிட்டார். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் இருநூற்றுக்கு மேல் அதில் இருக்கின்றன. ஆகவே வெளிநாட்டு வாத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த மனிதரால், வீட்டுச் சொத்து எதுவும் கெடவில்லை. அது காப்பாற்றப்பட்டது!

திறந்த வழி

பாலுசாமி காலத்திலேயே பிடிலின் புகழ் பரவியது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவாங்கூர் அரண்மனையில் பிடில் வாசித்தார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் அவருக்குத் தந்தத்தால் செய்த பிடிலைப் பரிசாக அளித்தார்.

பின்னர் வேறு வாத்தியங்களும் அதே வழியில் வந்தன. மாண்டலினில் ஸ்ரீநிவாசும், சாக்சபோனில் கத்ரி கோபால்நாத்தும் கர்நாடக சங்கீதம் வாசித்துப் புகழ் பெற்றார்கள்.

பிள்ளைக்கு வாத்தியம் வாங்கப் போகும் பெற்றோர், அது எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை என்று பார்ப்பது இயல்பு. பாலுசாமி தீட்சிதரின் வாழ்க்கை வேறு இரண்டைப் பார்க்கச் சொல்கிறது. நாம் பாட விரும்பும் பாட்டை அந்த வாத்தியம் பாடுமா? அதைப் பாட வைக்கும்வரை உட்கார்ந்து பழகும் பொறுமை நமக்கு உண்டா?

முதலாவதைக் காது சொல்லும். இரண்டாவதற்கு அவர் மூன்று வருடம் கொடுத்தார்.