சம்ஸ்கிருதக் கல்லூரியின் சாதித் தடையைத் தளர்த்திய வித்யாசாகர்

கொல்கத்தா: டாலிகஞ்சிலிருந்து வடக்கே மெட்ரோ ரயிலில் சென்றடையக்கூடிய காலேஜ் தெருவில் உள்ளது சம்ஸ்கிருதக் கல்லூரி. 1824-ல் தொடங்கப்பட்ட அங்கு பிராமண, வைத்திய சாதி மாணவர்களுக்கு மட்டுமே இடமிருந்தது. அவ்விதியைத் தளர்த்தியவர், அங்கேயே பயின்று முதல்வரான ஈஸ்வர சந்திர வித்யாசாகர்.

வீர்சிங்கா கிராமத்து ஏழைப் பிராமணக் குடும்பத்தில் 1820 செப்டம்பர் 26-ல் பிறந்தவர் அவர். 1851-ல் பொறுப்பேற்றதும், காயஸ்தர்களைச் சேர்க்கப் பரிந்துரைத்தார். சூத்திரராகக் கருதப்பட்ட வைத்தியர்கள் பயிலலாம் எனில் காயஸ்தர்களுக்கு ஏன் தடை என்பது அவரது வாதம். சாத்திர மரபைக் கொண்டே சாத்திரத் தடையை அசைத்த சாமர்த்தியம் அது. கல்லூரியின் மூத்த பண்டிதர்கள் எதிர்த்தனர். கல்விக் குழுவோ ஏற்றது.

1854-ல், மதிப்புக்குரிய இந்துக் குடும்பத்தினர் அனைவருக்கும் அனுமதி விரிவடைந்தது. ஆயினும் மதிப்பு என்ற அச்சொல்லே புதிய வேலியானது. தாழ்த்தப்பட்டோர் அப்போதும் வெளியிலேயே நின்றனர்; வித்யாசாகரும் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

மறுபுறம், 1857 நவம்பர் முதல் சில மாதங்களில் கிராமப்புறங்களில் 35 பெண்கள் பள்ளிகளைத் திறந்தார். சுமார் 1,300 சிறுமியர் பயின்றனர். நிரந்தர நிதியுதவி வழங்க அரசு மறுத்தது. 1858-ல் பதவி விலகிய வித்யாசாகர், நன்கொடை திரட்டி அப்பள்ளிகளுக்கு உதவினார். 1891 ஜூலை 29-ல் கொல்கத்தாவில் காலமானார்.