வாய் படித்தது, மனம் படித்ததா?

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு, பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும் ஊர். அங்கே நெசவாளர் வீட்டுத் திண்ணையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் மாலை வேளையில் பாடத்தை உரக்கப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். தடங்கல் இல்லை, உச்சரிப்பில் குற்றம் இல்லை. உள்ளே தறியில் இருக்கும் தகப்பனாருக்குப் பெருமை தாங்கவில்லை. படித்து முடித்தவனைக் கூப்பிட்டு, இந்தப் பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் பையன் விழிக்கிறான். அல்லது முதல் வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்கிறான்.

வாய் படிப்பது வேறு, மனம் படிப்பது வேறு. பெற்றோரும் உபாத்தியாயர்களும் அரைகுறையாக அறிந்திருந்த இந்த உண்மையைப் பரீட்சை வைத்து, விடைகளை எண்ணிக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் முன்னோடி, அமெரிக்க மனோதத்துவ அறிஞர் எட்வர்டு லீ தார்ண்டைக். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த எவரும் இந்தப் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். கூண்டில் அடைபட்ட பூனையும், முயன்று தவறிக் கற்றல் என்ற பாடமும் அவருடையவை. ஆனால் பூனையைச் சோதித்த அதே மனிதர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பையும் சோதித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

கோழிக்குஞ்சு வளர்த்த மாணவர்

தார்ண்டைக் 1874-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ம் தேதி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து வில்லியம்ஸ்பர்க் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் மெதடிஸ்டு சபைப் பாதிரியார். பாதிரியாருக்கு அடிக்கடி ஊர் மாற்றம் வரும். குடும்பமும் மூட்டை முடிச்சுடன் கூடவே போகும். ஊர் மாறினாலும் பிள்ளைகளின் படிப்பு மாறவில்லை. சகோதரர்கள் மூவரும் பிற்காலத்தில் கொலம்பியா சர்வகலாசாலையில் பேராசிரியர்கள் ஆனார்கள். ஒருவர் ஆங்கில இலக்கியம், ஒருவர் சரித்திரம். நம் எட்வர்டு மனோதத்துவம்.

வெஸ்லியன் சர்வகலாசாலையில் 1895-ல் பட்டம் பெற்று, ஹார்வர்டுக்குச் சென்றார். அங்கே வில்லியம் ஜேம்ஸ் என்ற பேரறிஞர் அவருக்குக் குருவாக வாய்த்தார். சிறு குழந்தைகள் பிறர் முகக்குறியைப் பார்த்து மனத்தில் இருப்பதை ஊகிக்கிறார்களா என்று ஆராய விரும்பினார் தார்ண்டைக். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. உடனே கோழிக்குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டார்! புத்தகங்களைச் செங்குத்தாக நிறுத்திச் சந்துபொந்துகள் அமைத்து, குஞ்சுகள் வழி கண்டுபிடிக்கின்றனவா என்று பார்த்தார்.

குடியிருந்த வீட்டு அம்மாள் இதைப் பொறுக்கவில்லை. குஞ்சுகளுக்கு வேறு இடமும் கிடைக்கவில்லை. கடைசியில் குருநாதர் ஜேம்ஸ் தம் வீட்டு நிலவறையையே ஒழித்துக் கொடுத்தார். பிறகு உபகாரச் சம்பளம் கிடைத்து நியூயார்க் நகரத்துக் கொலம்பியாவுக்குப் புறப்பட்டபோது, நன்றாகக் கற்ற கோழிகள் இரண்டையும் கூடவே கொண்டுபோனார்.

அங்கேதான் பூனை வந்தது. பசித்த பூனை கூண்டுக்குள்ளே, மீன் வெளியே. பூனை பிறாண்டும், கடிக்கும், முட்டும். தற்செயலாகக் கால் பட்டுத் தாழ் திறக்கும். மறுபடி மறுபடி அடைத்துப் பார்த்தால், திறக்கப் பிடிக்கும் நேரம் சிறிது சிறிதாகக் குறையும். பலன் கிடைத்த செயல் நிலைக்கிறது, பலன் தராதது உதிர்கிறது என்று அவர் கண்டார். இந்த ஆராய்ச்சி 1898-ல் அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்தது. மறு ஆண்டே கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்து, சுமார் நாற்பது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார்.

அளவுகோல் தேடியவர்

எது இருந்தாலும் அது ஓர் அளவில் இருக்கும். அளவில் இருப்பதை அளந்துவிடலாம் என்பது தார்ண்டைக்கின் உறுதியான கொள்கை. பிள்ளைகளின் கையெழுத்தை அளக்க 1910-ல் ஓர் அளவுகோல் வகுத்தார். அடுத்து அவர் கண் படிப்பின் மேல் விழுந்தது.

அந்நாளில் படிப்பைச் சோதிப்பது என்றால் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பதுதான் பெருவழக்கு. குரல் தெளிவாக இருந்தால் நல்ல மாணவன். தார்ண்டைக் 1914-ல் வெளியிட்ட முறை வேறு. எளிய பத்தியில் தொடங்கி வரவரக் கடினமாகும் பத்திகள். ஒவ்வொன்றின் கீழும் சில கேள்விகள். பிள்ளை மௌனமாகப் படித்து விடை எழுத வேண்டும். விடை பத்திக்குள்ளேயே இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம், தடை கிடையாது. ஆகவே அது ஞாபகசக்திக்கு வைத்த பரீட்சை அல்ல, புரிந்துகொள்ளும் சக்திக்கு வைத்த பரீட்சை.

ஆறாம் வகுப்பின் அதிசய விடைகள்

அவர் 1917-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று கல்வி உலகத்தில் இன்றும் பிரசித்தம். அதில் வரும் ஒரு பத்தியின் விஷயம் மிகச் சாதாரணமானது. ஃபிராங்க்ளின் என்ற ஊரில் 7 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகள், பள்ளி நடக்கும் நாளெல்லாம் வர வேண்டும். வர முடியாத அளவு நோய், வீட்டில் ஒருவருக்குத் தொற்று வியாதி, போக முடியாத பாதை ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவ்வளவுதான்.

இந்தப் பத்தியின் பொருள் என்ன என்பது முதல் கேள்வி. விடை எழுதியவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 200 பேர். பள்ளிக்கு வருவதைப் பற்றியது என்று பலர் எழுதினார்கள். ஆனால் சிலர் ஃபிராங்க்ளின் என்று ஊர்ப்பெயரை மட்டும் எழுதிவைத்தார்கள். வேறு சிலர், பத்தி பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்றும், அரை அங்குலம் இடம் விட வேண்டும் என்றும் எழுதினார்கள்! பத்து வயதுப் பெண் எந்த நாளில் வர வேண்டியதில்லை என்ற கேள்விக்கு, எல்லா நாளும் என்று நேர் எதிராக எழுதியவர்களும் உண்டு.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுச் சுழி போட்டிருப்பார்கள். தார்ண்டைக் சிரிக்கவில்லை. தவறு ஒவ்வொன்றையும் எடுத்து, இந்தப் பிள்ளையின் மனம் எங்கே வழி தவறியது என்று தேடினார். பத்தி என்ற சொல்லைக் கண்டதும், கட்டுரை எழுதும் வகுப்பில் கேட்ட விதிகள் மனத்தில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டன. வர வேண்டியதில்லை என்பதில் உள்ள இல்லை என்ற சிறு சொல்லோ எடை இழந்து மறைந்துபோயிற்று. ஒரு சொல்லுக்கு மிஞ்சிய கனம், மற்றொன்றுக்குக் குறைந்த கனம்; இதனால் பொருள் சாய்ந்துவிடுகிறது.

இதிலிருந்து அவர் வந்த முடிவு முக்கியமானது. ஒரு பத்தியைப் புரிந்துகொள்வது கணக்குப் போடுவதைப் போன்றது. தேவையானதைத் தேர்ந்து, தேவையற்றதைத் தள்ளி, ஒவ்வொன்றுக்கும் உரிய எடை கொடுத்து, கேள்விக்கு ஏற்றபடி இணைக்க வேண்டும். படிப்பது என்பதே யோசிப்பது. தமக்குத் தோன்றிய விடை பத்தியோடு பொருந்துகிறதா என்று பல பிள்ளைகள் சரிபார்ப்பதே இல்லை என்பதையும் கண்டார். ஆகவே உரக்கப் படிப்பதற்குச் செலவிடும் நேரத்தைக் குறைத்து, கேள்விக்கு விடை தேடி மௌனமாகப் படிக்கப் பழக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்.

சொற்களை எண்ணினார்

பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய சொற்கள் எவை? இதற்கும் ஊகம் போதாது என்று, 41 வகை நூல்களிலும் ஏடுகளிலும் சொற்களை எண்ணவைத்து, அதிகம் வழங்கும் 10,000 சொற்களின் பட்டியலை 1921-ல் ஆசிரியர்களுக்காக வெளியிட்டார். பட்டியல் 1931-ல் 20,000 ஆயிற்று. 1944-ல் 30,000 ஆயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அகராதிகளும் தொகுத்தார். சுமார் 500 வெளியீடுகளை இவ்வுலகுக்கு விட்டுவிட்டு, 1949 ஆகஸ்டு 9-ம் தேதி காலமானார்.

அளவுகோலின் மறுபக்கம்

இத்தனை பெருமையுள்ள வாழ்க்கையில் ஒரு பெரிய கறையும் உண்டு. அறிவு பெரும்பாலும் பிறப்பிலேயே அமைந்தது என்று தார்ண்டைக் நம்பினார். மனிதரைத் தரம் பிரித்து, உயர்ந்த வித்து பெருகட்டும் என்னும் கொள்கையை ஆதரித்து எழுதினார். இந்தக் காரணத்தால், அவர் ஆயுள் முழுதும் உழைத்த ஆசிரியர் கல்லூரியே 2020-ம் ஆண்டில் தன் கட்டடம் ஒன்றுக்கு இட்டிருந்த அவர் பெயரை நீக்கிற்று.

200 பிள்ளைகளின் விடைத்தாள்களைப் பொறுமையோடு படித்தவர் அவரே. மனிதரை மேல் கீழ் என்று பிரித்தவரும் அவரே. முதலாமவர், தவறு எங்கே நேர்ந்தது, எப்படித் திருத்துவது என்று கேட்டார். இரண்டாமவர், இவன் எந்தத் தரம் என்று கேட்டார். பரீட்சை ஒன்றுதான், கேட்கும் கேள்வியால் அது மருந்தாகவும் ஆகும், சூடாகவும் ஆகும்.

பத்தியைப் படித்து விடை தருக என்ற பகுதி நம் தமிழ் வினாத்தாள்களிலும் உண்டு. விடை தவறினால் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவது எளிது. முள்ளிப்பட்டு நெசவாளர் அப்படிச் செய்வதில்லை. இழை அறுந்தால் தறியை நிறுத்துகிறார். எங்கே அறுந்தது என்று விரலால் தேடி, முடிச்சுப் போட்டபின்தான் அடுத்த ஊடையை ஓட்டுகிறார். திண்ணையில் விழித்து நிற்கும் பையனுக்கு வேண்டியதும் அதுவே. அவன் மந்தம் அல்ல. எங்கோ ஓர் இழை அறுந்திருக்கிறது.