டெலிபோன் கூட்டத்துக்குக் கணக்குப் போட்ட மேதை

டென்மார்க் நாட்டில் லோன்போர்க் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு வாத்தியார் வீடு. அண்ணன் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பான். தம்பி எதிரே உட்கார்ந்து, அதே புத்தகத்தைத் தலைகீழாகப் படிப்பான்!

அந்தத் தம்பிதான் ஆக்னர் கிராருப் எர்லாங். பிறந்தது 1878-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி.

14 வயதில் கோபன்ஹேகன் சர்வகலாசாலையின் ஆரம்பப் பரீட்சைக்குப் போனார். வயது போதவில்லை. தனி அனுமதியின் பேரில் எழுதினார், சிறப்பாகத் தேறினார். ஊருக்குத் திரும்பி, தந்தையின் பள்ளியில் 2 ஆண்டு பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு உபகாரச் சம்பளத்தில் படித்து, 1901-ல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் வாத்தியார் உத்தியோகம் பார்த்தார்.

கணிதச் சங்கத்தில் யென்சன் என்பவரின் பழக்கம் கிடைத்தது. அவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமை இஞ்சினீயர். 1908-ல் எர்லாங்கும் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார்.

தலைவலி

கம்பெனிக்கு ஒரு தலைவலி இருந்தது. ஊரில் 1,000 பேர் டெலிபோன் வைத்திருந்தாலும், 1,000 பேரும் ஒரே நேரத்தில் பேசுவது இல்லை. ஆளுக்கு ஒரு லைன் என்று எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே போட்டால் பணம் பாழ். குறைத்துப் போட்டாலோ, அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிடுகிறவருக்குக்கூட லைன் கிடைக்காது. எத்தனை லைன்தான் போடுவது?

யார் எப்போது பேசுவார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் பலர் சேரும்போது அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று 1909-ல் எர்லாங் காட்டினார். 1917-ல் அவருடைய புகழ்பெற்ற சூத்திரம் வெளிவந்தது. இத்தனை லைன், இத்தனை பேச்சு என்று சொன்னால், நூற்றுக்கு எத்தனை பேருக்கு லைன் கிடைக்காது என்பதை அது சொல்லிவிடும்.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஒரு தெருவுக்கு 5 லைன். சராசரியாக இரண்டரை லைனுக்கு வேலை கொடுக்கும் அளவுக்குப் பேச்சு. அப்படியானால் நூற்றுக்கு 7 பேருக்கு லைன் கிடைக்காது. அடுத்த தெருவிலும் இதே கதைதான். இரண்டு தெருவுக்கும் 10 லைனையும் பொதுவாக்கிவிட்டால்? நூற்றுக்கு 2 பேருக்குத்தான் ஏமாற்றம்! புதிதாக ஒரு லைன்கூடப் போடவில்லை. கூட்டுக் குடும்பத்துச் சிக்கனம்தான் இது.

பிரிட்டிஷ் தபால் இலாகா இந்தச் சூத்திரத்தை ஏற்றுக்கொண்டது. டேனிஷ் மொழியில் இருந்த அவருடைய கட்டுரைகளைப் படிப்பதற்காகவே, அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவர் அந்த மொழியைக் கற்றுக்கொண்டார்.

9 மடங்கு

செல்போன் கோபுரத்துக்கும் அதே தலைவலி உண்டு. செல்போனில் அனுப்பும் படம் சிறு சிறு துண்டுகளாகப் போகிறது. வழியில் துண்டுகள் வரிசையில் நிற்கின்றன. காத்திருக்கும் வரிசைக்கும் எர்லாங் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பாதை பாதி நிரம்பியிருக்கும்போது ஆகும் தாமதம், பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியதும் 9 மடங்காகிவிடும்! கூட்டம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. திருவிழாக் கூட்டத்தில் படம் போகாமல் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். இன்றைய டேட்டா, டெலிபோன் பேச்சைப்போல் சீராக வருவதில்லை. திடீர் திடீரென்று குவியும். ஆகவே இஞ்சினீயர்கள் வேறு கணக்குகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எர்லாங் மேஜையோடு இருந்தவர் அல்ல. கேபிள்களைக் கெடுக்கும் மின்கசிவை அளக்கக் கோபன்ஹேகன் தெருக்குழிகளில் இறங்குவார். ஏணி தூக்க ஓர் ஆள் கூடவே போவார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாங்கிய புத்தகங்களே ஒரு நூல்நிலையம் ஆகிவிட்டன. கஷ்டப்பட்டவர்கள் தேடி வந்தால், ஓசைப்படாமல் உதவி செய்து அனுப்புவார். ஏறக்குறைய 20 ஆண்டு வேலையில் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. 1929 ஜனவரியில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. பிப்ரவரி 3-ந் தேதி காலமானார். வயது 51.

1946-ல் சர்வதேச டெலிபோன் குழு, பேச்சின் அளவுக்கு அவர் பெயரைச் சூட்டியது. ஒரு லைன் ஒரு மணி நேரம் ஓயாமல் வேலை செய்தால், அந்த ஒரு மணி நேரத்துப் பேச்சின் அளவு 1 எர்லாங்.