மார்க் போடுவது மட்டுமா மதிப்பீடு? பெஞ்சமின் ப்ளூம் வகுப்பறைக்குத் தந்தது என்ன?

பி.எட். படித்தவர்கள், டெட் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் யாரிடமாவது ப்ளூம் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். அறிவு, புரிதல், பயன்பாடு, பகுப்பாய்வு, தொகுப்பு, மதிப்பீடு என்று ஆறு படிகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். வேடிக்கை என்னன்னா, ஒப்பிப்பது அந்த வரிசையில் முதல் படிதான். மனப்பாடத்தைத் தாண்டிப் போகணும் என்று ஒருவர் போட்ட பட்டியலையே நாம் மனப்பாடப் பகுதியாக்கி வைத்திருக்கிறோம்.

கடைசியில் இருக்கும் மதிப்பீடு என்ற சொல்லில் இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழில் அதைக் கேட்டதும் சிவப்பு மையும் ரேங்க் கார்டும்தான் நினைவுக்கு வரும். அதாவது, ஆசிரியர் மாணவரை எடை போடுவது. ப்ளூமின் ஆறாவது படி அதுவல்ல. அங்கே எடை போடுகிறவர் மாணவர். ஒரு கட்டுரையை, ஒரு சோதனையை, ஒரு வாதத்தை எடுத்துக்கொண்டு, இது சரியா, எந்த அளவுகோலின்படி சரி என்று அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

யார் இந்த ப்ளூம்?

பெஞ்சமின் சாமுவேல் ப்ளூம் 1913 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர்கள். அப்பாவுக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் தொழில். பையனுக்குப் புத்தகப் பைத்தியம். காலையில் நூலகத்தில் எடுத்த புத்தகத்தை அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து நிற்பானாம். நிஜமாகவே படித்துவிட்டான் என்று நம்பும்வரை நூலகர் வாங்கிக்கொள்ள மாட்டாராம்.

1935-ல் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் முதுகலை வரை முடித்தார். 1942-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பட்டத்தைவிட முக்கியம், அங்கே அவருக்குக் கிடைத்த வேலை. தேர்வுக் குழுவில் சேர்ந்தவர், 1943 முதல் 1959 வரை பல்கலைக்கழகத்தின் தேர்வாளராக இருந்தார். அவரை அங்கே ஈர்த்தவர் ரால்ஃப் டைலர். பாடம் நடத்தும் முன் மாணவர் என்ன செய்யக் கற்க வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிவிடணும், பிறகு அதைத்தான் சோதிக்கணும் என்பது டைலரின் வழி.

அன்றைய சிகாகோ கல்லூரியில் ஒரு விசேஷம் இருந்தது. பாடம் நடத்துபவர் ஒருவர். பெரிய பொதுத் தேர்வை நடத்துவது தனிக் குழு. அதனால் ஒரு பேராசிரியர் மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால், தேர்வாளருக்குத் தலைவலி. புரிந்துகொள்வது என்றால் என்ன? சொந்த வார்த்தையில் சொல்வதா? புதுக் கணக்கில் பயன்படுத்துவதா? குறை கண்டுபிடிப்பதா? வினாத்தாள் தயாரிக்கிறவரால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கல்வியியலில் ப்ளூம் பெயர் நிலைக்கக் காரணம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, இந்த அன்றாடத் தலைவலிதான் என்று சொல்லலாம்.

1948-ல் பாஸ்டனில் உளவியலாளர் மாநாட்டுக்கு வந்த கல்லூரித் தேர்வாளர்கள் கூடிப் பேசினார்கள். பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் வினாக்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்றால், எந்த வினா எதைச் சோதிக்கிறது என்று சொல்ல ஒரு பொது மொழி வேண்டும். எட்டு வருட வேலைக்குப் பிறகு, 1956-ல் ப்ளூமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அந்த வகைப்பாட்டு நூல் வந்தது. எங்கல்ஹார்ட், ஃபர்ஸ்ட், ஹில், கிராத்வோல் ஆகிய நால்வரும் உடன் உழைத்தவர்கள். ஒரு தகவல்: இணையத்தில் வலம்வரும் அந்த வண்ண வண்ண முக்கோணப் படம் அந்தப் புத்தகத்தில் கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது.

ஆறாவது படி வகுப்பில் எப்படி இருக்கும்?

நல்லா இருக்கு, பிடிக்கலை என்று சொல்வது இந்த நூலின் கணக்கில் மதிப்பீடே ஆகாது. அளவுகோல் வேண்டும். அதையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று உள்ளே பார்ப்பது: சொல்வதில் முரண் உண்டா, தகவல் துல்லியமா? இன்னொன்று வெளியே பார்ப்பது: நாம் முன்கூட்டியே வைத்துக்கொண்ட அளவுகோலுக்கு இது பொருந்துகிறதா? இந்த இரண்டும் கையில் இருந்தால் எந்தப் பாடத்திலும் ஒரு வகுப்பை நடத்திவிடலாம்.

அறிவியலை எடுத்துக்கொள்வோம். இரண்டு தொட்டிகளில் அவரை விதை. ஒன்று ஜன்னலோரம், தினமும் தண்ணீர். மற்றொன்று அலமாரிக்குள், இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். முதல் செடி நன்றாக வளர்ந்தது, ஆகவே செடிக்கு வெளிச்சம் அவசியம் என்று முடிவு எழுதியிருக்கிறது. இந்த முடிவை நம்பலாமா? முடிவு என்னவோ உண்மைதான். ஆனா இந்தச் சோதனை அதை நிரூபிக்கவில்லை. வெளிச்சம், தண்ணீர் இரண்டுமே மாறியிருக்கிறது. உண்மையான முடிவுக்கும் ஓட்டைச் சோதனைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பிள்ளை தானாகப் பிடித்தால், அதுதான் உள்ளே பார்ப்பது.

கணக்கில் 47 × 99. ஒருவர் வழக்கம்போலப் பெருக்குகிறார். இன்னொருவர் 4700-லிருந்து 47-ஐக் கழித்து 4653 என்கிறார். இரண்டும் சரி. எது சிறந்த வழி? அதற்கு முன், சிறந்தது என்றால் என்ன என்று வகுப்பே முடிவு பண்ணணும். வேகம் என்றால் இரண்டாவது ஜெயிக்கும். எல்லா எண்ணுக்கும் பொருந்தணும் என்றால் முதல் வழி. அளவுகோல் மாறினால் தீர்ப்பு மாறும் என்பது இதைவிட எளிதாகப் புரியாது.

வரலாற்றில் 1857-க்கே போகலாம். சிப்பாய்க் கலகம் என்று ஒரு நூல், முதல் சுதந்திரப் போர் என்று இன்னொரு நூல். யார் எழுதினார்கள், எப்போது, எந்தச் சான்றைக் காட்டுகிறார்கள், எதை விட்டுவிட்டார்கள்? தமிழ் வகுப்பில் பெயர் மறைத்த இரண்டு கட்டுரைகளைக் கொடுத்து, திருத்தும் விதிகளை மாணவர்களே எழுதட்டும். ஒரே கட்டுரைக்கு ஒரு குழு 4 மார்க், இன்னொரு குழு 8 மார்க் போட்டால் ஆசிரியர் பதற வேண்டாம். அந்தச் சண்டைதான் பாடம். விதி எங்கே தெளிவில்லை என்று பிள்ளைகளே திருத்தி எழுதுவார்கள்.

இதற்கெல்லாம் ஒரு முழு பீரியட் போகும், போர்ஷன் முடிக்க வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேர்வில் வராததற்கு வகுப்பில் நேரம் கிடைக்காது. ப்ளூம் தேர்வுத்தாளிலிருந்து தொடங்கியதும் அதனால்தான்.

இந்தியாவுக்கு வந்த ப்ளூம்

1957-ல் ப்ளூம் இந்தியா வந்தார். தேர்வு முறையைச் சீர்திருத்துவது பற்றி ஆசிரியர்களுக்கும் கல்வி அதிகாரிகளுக்கும் பயிலரங்குகள் நடத்தினார். அடுத்த ஆண்டே மத்தியத் தேர்வுப் பிரிவு உருவானது. பின்னர் அது என்.சி.இ.ஆர்.டி.யுடன் சேர்ந்தது. வினாத்தாளுக்கு முன்பே புளூபிரிண்ட் போடும் பழக்கம் இங்கே வேரூன்றியது இந்தப் பாதையில்தான்.

ஆனா அந்த புளூபிரிண்ட்டில் நாம் வழக்கமாகப் பார்ப்பது அறிவு, புரிதல், பயன்பாடு, திறன் என்ற நான்கு தலைப்புகள். பகுப்பாய்வும் தொகுப்பும் மதிப்பீடும் தனித் தலைப்பாக இல்லை. ஏணி வந்தது, மேல்படிகள் வழியிலேயே கழன்றுவிட்டன.

ப்ளூமோ இதற்குள் வேறு கேள்விகளுக்குப் போய்விட்டார். 1964-ல் வந்த அவருடைய நூல், குழந்தையின் முதல் சில ஆண்டுகள் எவ்வளவு முக்கியம் என்று பேசியது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டத்தைத் தொடங்கியபோது அவருடைய ஆய்வும் அதற்குப் பக்கபலமாக இருந்தது. 1968-ல் தேர்ச்சிவழிக் கற்றல்: நேரமும் உதவியும் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பாடத்தில் முழுத் தேர்ச்சி பெறுவார்கள் என்ற நம்பிக்கை. 1984-ல், தனி ஆசிரியரிடம் படிக்கும் சராசரி மாணவர் சாதாரண வகுப்பின் 98 சதவீதம் பேரை முந்துகிறார் என்றார். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. ஏ.ஐ. டியூட்டர் விளம்பரங்களில் இந்த எண்ணைப் பார்த்தால் இதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ப்ளூம் 1999 செப்டம்பர் 13 அன்று சிகாகோவில் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய மாணவி லோரின் ஆண்டர்சன் என்று பல கையேடுகள் தவறாக எழுதும் லோரின் ஆண்டர்சன் என்ற ஆணும், 1956 குழுவிலேயே இருந்த டேவிட் கிராத்வோலும் வகைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டார்கள். பெயர்ச்சொற்கள் எல்லாம் வினைச்சொற்களாக மாறின. மதிப்பிடுதல் ஐந்தாம் இடத்துக்கு இறங்க, படைத்தல் உச்சிக்குப் போனது. புதிதாக ஒன்றைப் படைக்கிறவர், அதற்கு முன் இருப்பதை எடை போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த வரிசையின் கணக்கு.