ஜான் பனியன்: சிறையிலும் சுயாதீனர்

சுயாதீனம் என்பது யாது? விரும்பியதை விரும்பியபடி செய்தற்குத் தடையின்றியிருத்தலே சுயாதீனம் எனப் பலர் எண்ணுகின்றனர். அங்ஙனமாயின், பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிற் கழித்த ஒருவரைச் சுயாதீனர் என்று கூறுதல் நகைப்பிற்கிடமாகும். எனினும், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் பனியன் என்பவருடைய சரித்திரத்தை நாம் ஆராய்வோமாயின், அவர் வெளியே உலாவிய நாட்களில் அடிமையாயிருந்தார் என்பதும், அடைபட்டிருந்த நாட்களிற் சுயாதீனராயிருந்தார் என்பதும் இனிது விளங்கும்.

பெட்போர்டு நகரத்தையடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-ஆம் ஆண்டு பனியன் பிறந்தார். ஓட்டைப் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் கன்னார் தொழிலே அவர்தம் குடும்பத்தொழில். கல்வியோ சொற்பம். 1644-ஆம் ஆண்டில் தாயும் தங்கையும் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர். அவ்வாண்டிலேயே பனியன் பார்லிமெண்டுச் சேனையிற் சேர்ந்து, சில ஆண்டுகள் பணிபுரிந்து, ஊர் திரும்பி மணஞ்செய்துகொண்டார். மனைவி கொணர்ந்த சீதனம் பக்திநூல்கள் இரண்டே. அவற்றை இருவரும் சேர்ந்து படித்தனர்.

அதுமுதல் அவருள்ளத்தில் ஒரு போராட்டம் எழுந்தது. ஆட்டத்தை விட்டார்; விளையாட்டை விட்டார்; ஆலயமணி அடித்தலில் தமக்கிருந்த பேராசையையும் விட்டார். விட்டபின்னும் மனங்கேளாது மணிக்கூண்டின் வாயிலில் நின்று பிறர் அடிப்பதைப் பார்ப்பாராம். அப்பொழுது, மணி அறுந்து தம்மேல் விழுமோ, கோபுரமே இடிந்து விழுமோ என்று நடுங்கி ஓடிவிடுவாராம். அயலார் அவரைப் பக்திமான் எனப் புகழ்ந்தனர். அவரோ பாவத்திற்கு அஞ்சியதன்றிக் கடவுளிடத்து அன்புகொண்டாரில்லை. தண்டனைக்கு அஞ்சித் தீமையை விடுகிறவன் எஜமானை மாற்றிக்கொண்ட அடிமையேயன்றி விடுதலை பெற்றவன் அல்லன்.

ஒருநாள் பெட்போர்டுத் தெருவொன்றில், வாயிற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலர் மறுபிறப்பைக் குறித்தும் கிறிஸ்துவின் அன்பைக் குறித்தும் உரையாடுவதைப் பனியன் செவியுற்றார். அவர்கள் பேச்சிலிருந்த மகிழ்ச்சி தம்மிடம் இல்லையே என்றுணர்ந்தார். அவர்களுடைய போதகரான ஜான் கிபர்டு என்பாரின் உதவியை நாடினார். கலாத்தியர் நிருபத்திற்கு லூதர் எழுதிய வியாக்கியானத்தின் பழம்பிரதியொன்றும் அவர் கைக்கு வந்தது. பல ஆண்டுகள் ஐயமும் அவநம்பிக்கையும் மாறிமாறி வாட்டியபின், தம்முடைய நீதி தம்மிடத்திலன்று, கிறிஸ்துவினிடத்திலேயே உளது என்னும் உறுதி அவருக்குண்டாயிற்று. அன்றே அவர்தம் உள்ளத்தளைகள் அறுந்தன.

விடுதலை பெற்றவர் வாளாவிருப்பரோ? கன்னார் பிரசங்கியாரானார். 1660-ஆம் ஆண்டில் இரண்டாம் சார்லஸ் அரசெய்தியபின், ஆங்கிலத் திருச்சபைக்குப் புறம்பான கூட்டங்களை அடக்கும் பழைய சட்டம் மீண்டும் கையாளப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், தம்மைப் பிடிக்க ஏற்பாடாயிருப்பதை முன்னரே அறிந்தும், பனியன் கூட்டத்தைவிட்டு ஓடாமல் நின்று பிடிபட்டார். இனிப் பிரசங்கியேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருப்பாராயின் வீடு சென்றிருப்பார். சிறையின் திறவுகோல் அவர் நாவிலேயே இருந்தது எனலாம். அதனை அவர் பயன்படுத்தவில்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். முதல் மனைவி இறந்தமையால் 1659-ஆம் ஆண்டில் எலிசபெத்து என்னும் அம்மையாரை அவர் மணந்திருந்தார். முதல் மனைவியின் மக்கள் நால்வர். மூத்தவளாகிய மேரி பிறவிக் குருடி. கணவர் சிறைப்பட்ட அதிர்ச்சியால் எலிசபெத்து அம்மையார் பிள்ளைப்பேற்று வேதனைக்குட்பட்டுக் குழந்தையை இழந்தார். 1661-ஆம் ஆண்டில் நீதிபதிகள் முன்னிலையில் தனித்து நின்று கணவருக்காக வழக்காடியும் பயன் பெற்றாரில்லை. பனியன் இதையெல்லாம் உணராத கல்நெஞ்சர் அல்லர். குடும்பத்தைப் பிரிதல் எலும்பினின்று தசையைப் பிய்ப்பதுபோலிருந்தது என்றும், குருட்டுப் பெண்ணின் நினைவே எல்லாவற்றினும் மிகுதியாய்த் தம்மை உருக்கிற்று என்றும் பின்னாளில் எழுதிவைத்தார். ஆவிக்குரிய சுயாதீனம் பாசத்தை அறுப்பதன்று. பாசத்தின் வேதனையோடு மனச்சாட்சிக்கு உண்மையாய் நிற்பது. அதன் விலையிற் பெரும்பங்கை அம்மையாரும் மக்களுமே செலுத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது.

சிறையில் அவர் சோம்பியிருந்தாரில்லை. நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி விற்று, குடும்பத்திற்கு உதவினார். உடனிருந்த கைதிகளுக்குப் போதித்தார். நூல்கள் பல இயற்றினார். தம் ஆத்தும வரலாற்றை 1666-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1672-ஆம் ஆண்டில் அரசர் விளம்பரத்தால் விடுதலையாகிப் பெட்போர்டுச் சபையின் போதகரானார். பின்னும் ஒருமுறை சில மாதங்கள் சிறைப்பட்டார். 1678-ஆம் ஆண்டில் வெளிவந்த மோட்சப் பிரயாணம் உலகெங்கும் பரவிற்று. அதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தைப் பாடி, 1894-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார்.

1688-ஆம் ஆண்டில், மனம் வேறுபட்ட தந்தையையும் மகனையும் ஒப்புரவாக்கிவிட்டு, கொட்டும் மழையிற் குதிரையேறி லண்டனுக்கு வந்த பனியன், காய்ச்சலுற்று ஆகஸ்டு 31-ஆம் நாள் உயிர்நீத்தார். பிறரைத் தளைநீக்கும் ஊழியத்திலேயே அவர் ஆயுள் முடிந்தது.

நம்மைப் பிணிப்பவை இரும்புக் கதவுகள் அல்ல. பிறர் புகழ்ச்சியும், நாளைய ஜீவனத்தைப் பற்றிய அச்சமும், பலரோடொத்துப் போகும் எளிமையுமே நம் விலங்குகள். அன்பினால் அச்சத்தை வென்றவனே செய்யத்தகாததை மறுக்கவும், செய்யத்தக்கதற்காகத் துன்புறவும் வல்லவனாவான். பனியன் பெற்றது அச்சுயாதீனமே. நாம் நாடவேண்டியதும் அதுவே.